நூல் கட்டிய கண்ணாடி

கேள்வி: வீண் செலவு எனக்கு அறவே பிடிக்காது. கடன் வாங்காமல் வீடு கட்டியவன் நான். தமிழ் இலக்கியம் படிக்கும் என் மகள் என்னை 'உலோபி' என்கிறாள். அது எந்த மொழிச் சொல், அதன் சரியான பொருள் என்ன? நான் சிக்கனக்காரன், அவ்வளவுதான். என் அம்மாகூட, ஒரு பக்கக் கை உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டி இரண்டு வருடமாகப் போட்டுக்கொள்கிறார். ஒரு குறையும் சொன்னதில்லை.

பதில்: வடசொல் ஐயா. லோபம் என்றால் பேராசை. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் உகரம் முன்னே சேர்ந்து உலோபம், உலோபி ஆயிற்று. தமிழில் அதற்கு ஈடான சொல் இவறல். ஆசைப்படுவதும் கொடாமல் பிடித்துவைப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. வள்ளுவரும் 'பற்றுள்ளம் என்னும் இவறன்மை' (438) என்கிறார். உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய குறள்: 'செயற்பால செய்யாது இவறியான் செல்வம்' உருப்படாமல் கெடும். எவ்வளவு மிச்சம் பிடித்தான் என்று அவர் கேட்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தானா என்றுதான் பார்க்கிறார்.

இப்போது கண்ணாடியைக் கட்டிய அந்த நூலுக்கு வருவோம். 'ஒரு குறையும் சொன்னதில்லை' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பெற்ற பிள்ளையிடம் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறார் அந்தத் தாய். அந்தக் கூச்சத்தை உங்கள் கணக்கில் வரவு வைத்திருக்கிறீர்கள். வீடு கட்டியதைப் பாராட்டலாம், ஆனால் தாயின் கண்ணில் மிச்சம் பிடிப்பதற்குச் சிக்கனம் என்று பெயர் கிடையாது. மகள் சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறாள்.

கை உடைந்த கண்ணாடி முகத்தில் சரிந்து நிற்கும். பார்வைக்கு நேராக இருக்க வேண்டிய லென்ஸின் மையம் விலகிவிடும். வெள்ளெழுத்துக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடி என்றால், படிக்கிற பகுதி இடம் மாறி, படி இறங்கும்போது கால் வைக்கும் இடம் மங்கும். வயதானவர்கள் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இப்படியும் நடக்கும்.

நேரே கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் கண் மருத்துவரிடம் காட்டி, புரை விழுந்திருக்கிறதா, கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புரை முற்றியிருந்தால் புதுக் கண்ணாடி வாங்கியும் பயனில்லை; அறுவை சிகிச்சை முடிந்து, கண் ஆறிய பிறகுதான் பவர் எழுதுவார்கள். அரசு மருத்துவமனையில் அந்த அறுவை சிகிச்சையை இலவசமாகவே செய்கிறார்கள். ஃபிரேமை அம்மா போட்டுப் பார்த்து, அவரே எடுக்கட்டும். விலைச்சீட்டை அவர் எதிரே திருப்பிப் பார்க்காதீர்கள். பணத்தை உங்கள் பையிலிருந்து கொடுங்கள். அவருக்கு ஓய்வூதியம் வந்தால் அதைத் தொடக் கூடாது.