மெழுகு பூசிய கோட்

அன்புள்ள ஐயா,

வட இங்கிலாந்தின் டர்ஹாமில் படிக்கிறேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் எப்போதும் பார்பர் (Barbour) நிறுவனத்தின் பச்சை நிற மெழுகுக் கோட்டில்தான் வருவார். மடிப்பெல்லாம் வெளுத்து, முழங்கையில் ஒட்டுப் போட்டிருக்கும். கடையில் விசாரித்தால் புதியது இருநூறு பவுண்டுக்கு மேல். வசதியுள்ளவர் ஏன் இந்தப் பழசை விடமாட்டேன் என்கிறார்? நானும் ஒன்று வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கோட் பிறந்த ஊர் உங்களுக்குப் பக்கம்தான். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் பார்பர் 1894-இல் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுக நகரில் கடை போட்டார். வாங்கியவர்கள் மாலுமிகள், மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள். வட கடலின் மழைக்கும் காற்றுக்கும் எண்ணெய் ஊட்டிய துணிதான் அவர்களுக்குத் துணை. பின்னாளில் அரச குடும்பத்துக்குப் பொருள் தருபவர் என்ற அங்கீகாரமும் வந்தது: எடின்பரோ கோமகன் பிலிப்பிடமிருந்து 1974-இல், அவர் மனைவி அரசி எலிசபெத்திடமிருந்து 1982-இல்.

இன்று நாம் பார்க்கும் வடிவம் அந்தக் குடும்பத்து மருமகள் மார்கரெட் பார்பர் தந்தது. ஓவிய ஆசிரியையாக இருந்தவர், 1968-இல் கணவர் இளவயதில் இறந்ததும் நிறுவனத்துக்குள் வந்தார். 1980-இல் குதிரை ஏறுபவர்களுக்கு பிடேல் என்ற கோட்டையும், 1983-இல் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு பியூஃபோர்ட் என்ற கோட்டையும் வடிவமைத்தார். பியூஃபோர்ட்டின் முதுகுப் பக்கம் குறுக்கே பெரிய பை ஒன்று உண்டு, சுட்ட பறவையைப் போட்டுக்கொள்ள. கழுத்தை உறுத்தாத கார்டுராய் (வரிவரியான மென்துணி) காலர், குளிரில் கை நுழைக்கத் தனிப் பை, கையுறையோடே இழுக்க வளையம் வைத்த ஜிப். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எனக்கு இந்த உடையில் பிடித்ததே அதுதான்.

சரி, பேராசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். மெழுகுத் துணி போடப் போட உடம்புக்குப் பழகும். மெழுகு வற்றினால் திரும்பப் பூசலாம், கிழிந்தால் ஒட்டுப் போடலாம். நிறுவனமே இரண்டையும் செய்து தருகிறது. அதனால் ஆங்கிலேய நாட்டுப்புறத்தில் பளபளக்கும் புதுக் கோட்டைவிட ஒட்டுப் போட்டதற்கு மரியாதை அதிகம். பேராசிரியர் மரபை மிகச் சரியாகப் பின்பற்றுகிறார்!

பராமரிக்க மனமிருந்தால் தாராளமாக வாங்குங்கள். வெந்நீர், சோப்பு, வாஷிங் மெஷின் மூன்றும் ஆகாது. குளிர்ந்த நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்தால் போதும். வருடம் ஒருமுறை மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, கோட் முழுக்க, முக்கியமாகத் தையல் ஓரங்களில், அழுத்தித் தேய்க்க வேண்டும். வாடை கொஞ்சம் இருக்கும், அப்புறம் பேருந்து இருக்கையிலும் ஒட்டும்.

மாணவருக்குப் பழையதே நல்லது என்பேன். கைவிளிம்பு கிழிந்திருந்தால் பரவாயில்லை, தைத்துக்கொள்ளலாம். மெஷினில் துவைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். துவைத்த துணி மறுபடி மெழுகு பூசினாலும் பழையபடி மழை தாங்காது.