வாவிக்கு லேக் என்று சொல்லலாமா? – ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

ஒன்றுபோலத் தெரியும் ஆங்கிலச் சொற்களில் எதை எங்கே போடுவது என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. அகராதியில் இரண்டு சொல்லுக்கும் ஒரே தமிழ் போட்டிருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். யார், எதைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் பிடிபடும்.

சேர், நான் கல்லடியில் சுற்றுலா வழிகாட்டி. நம்ம வாவியை லேக் என்றுதான் சொல்லி வந்தேன். ஒரு வெள்ளைக்காரர் "இது லகூன்" என்றார். எது சரி? குளத்தை டாங்க் என்பதாவது சரியா?

அவர் சொன்னதுதான் சரி, தம்பி. லேக் என்றால் சுற்றிவர நிலம் உள்ள நீர்நிலை. பெரும்பாலும் நன்னீர்தான் இருக்கும். லகூன் கடலோரத்தில் கிடப்பது. ஆழம் குறைவு. இடையில் மணல் திட்டு கடலைப் பிரித்தாலும், எங்காவது ஒரு வாய் வழியாகக் கடல்நீர் வந்து போகும். நம் வாவிக்கு முகத்துவாரம் இருக்கிறதே! கோடையில் மணல் அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால் ஆற்றுவாயை வெட்டி விடுவார்கள். தண்ணீர் உவர், இறாலும் நண்டும் படும். லகூன் என்றால் இவ்வளவும் கேட்பவருக்கு விளங்கிவிடும். லேக் என்றால் அவர் மனதில் நன்னீர் ஏரிதான் வரும்.

டாங்க் இலங்கை ஆங்கிலத்தில் முழுக்கச் சரி. உன்னிச்சைக் குளம், உன்னிச்சை டாங்க்தான். ஆனால் லண்டனிலிருந்து வந்தவருக்கு டாங்க் என்றால் தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி, இல்லாவிட்டால் யுத்த டாங்கி. "வயலுக்குத் தண்ணி பாய்ச்சும் ரிசர்வொயர், நாங்கள் டாங்க் என்போம்" என்று முதல் தடவை விளக்கிவிடுங்கள், அப்புறம் தாராளமாக டாங்க் என்று பேசலாம். ரிசர்வொயர் என்பது மனிதர் தேக்கி வைத்த நீர். கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரமும் ரிசர்வொயர்தான். பெயரில் சமுத்திரம் இருக்கிறது என்பதற்காக அதை ஸீ என்று சொல்லிவிட வேண்டாம்.

சைக்ளோன், ஹரிக்கேன், டைஃபூன் மூன்றில் எது பெரியது? – உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

மகள், பெரிது சிறிது என்ற கேள்வியே இதில் இல்லை. மூன்றும் ஒரே வகைச் சூறாவளி, கடல்தான் வேறு. நமது இந்து சமுத்திரத்தில் சைக்ளோன். அட்லாண்டிக்கிலும் பசிபிக்கின் வடகிழக்கிலும் ஹரிக்கேன். பசிபிக்கின் வடமேற்கில், ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம், டைஃபூன். அங்கெல்லாம் காற்று மணிக்கு 119 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் அந்தப் பெயர் கொடுப்பார்கள். அதற்குக் கீழே ஸ்டோர்ம். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பை அடித்து நொறுக்கியதை ஆங்கிலத்தில் எழுதும்போது சைக்ளோன் என்றே எழுதுங்கள். ஹரிக்கேன் என்று எழுதினால் அமெரிக்கப் பக்கத்துக் கதையாகிவிடும்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26ஐப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் சிலர் டைடல் வேவ் என்று போடுகிறார்கள். பழைய புத்தகங்களில் அப்படி இருக்கும். ஆனால் டைட் என்பது சந்திரனும் சூரியனும் இழுப்பதால் வரும் வற்றுப் பெருக்கு. அன்றைக்கு வந்தது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்து தள்ளிய தண்ணீர். அதற்கு ட்சுனாமி என்பதே சரி. சூறாவளியோடு கரைக்கு ஏறும் கடலுக்கு ஸ்டோர்ம் சேர்ஜ் என்று தனிப்பெயர் உண்டு. இந்தக் கரையில் பிறந்த பிள்ளைகள் இந்த மூன்றையும் பிரித்து எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

லென்ட், பொரோ எப்போதும் மாறிப் போகிறது. – கல்முனை

கொடுப்பவர் லென்ட், வாங்குபவர் பொரோ. இரண்டிலும் பொருள் திரும்பி வர வேண்டும். திருப்பித் தரும் எண்ணம் இல்லையென்றால் இரண்டையும் தொடாதீர்கள்.

தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். பெய்ன், ஏக், சோர், ஹேர்ட்: நோயாளி சொல்வதை எப்படி எழுதுவது? காயத்துக்கு வூண்டா, இன்ஜரியா? – அக்கரைப்பற்று

பெய்ன் பொதுச்சொல். எந்த வலிக்கும் போடலாம், குத்தும் வலி, எரியும் வலி எல்லாம் அதற்குள் அடங்கும். ஏக் என்றால் விடாமல் மந்தமாக இருக்கும் வலி. ஹெட்ஏக், டூத்ஏக், இயர்ஏக், பேக்ஏக், ஸ்டமக்ஏக் என்று வழக்கில் ஊறிய கூட்டுச்சொற்கள் உண்டு. ஆனால் முழங்கால் வலியை நீஏக் என்று சொல்வது வழக்கமில்லை. முழங்காலுக்கு "பெய்ன் இன் த நீ" என்றுதான் எழுதுவார்கள். சோர் என்றால் தொட்டால் அல்லது அசைத்தால் நோவது. ஒரு நாள் முழுக்க வயலில் குனிந்து வேலை செய்தவரின் தொடை மறுநாள் சோர். தொண்டை நோவும் சோர் த்ரோட்தான். ஹேர்ட் பெரும்பாலும் வினைச்சொல்லாக வரும்: "மை லெக் ஹேர்ட்ஸ்".

காயத்தையும் கேட்டிருந்தீர்கள். வாள், துப்பாக்கி, கத்தி கிழித்தது வூண்ட். வீதி விபத்தில், விளையாட்டில் பட்டது இன்ஜரி. எலும்பு முறிந்து தோல் கிழியாவிட்டாலும் அது இன்ஜரி, வூண்ட் ஆகாது. ஆனால் சத்திரசிகிச்சை செய்த இடத்தை வூண்ட் என்றே எழுதுவார்கள். வார்டில் இதைக் கட்டாயம் கேட்பீர்கள்.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு ஸூமில் பேசியபோது "ஐ ஹேவ் எ டவுட்" என்றேன். அவர்கள் முகம் மாறியது. என்ன பிழை? – சம்மாந்துறை

இலக்கணத்தில் பிழை இல்லை. தமிழில் விளங்காததைக் கேட்பதும் சந்தேகம், நம்பாததும் சந்தேகம். தெற்காசியாவில் நாமெல்லாம் டவுட்டை இரண்டுக்கும் எடுத்துக்கொண்டோம், நமக்குள் அது குறையும் இல்லை. ஆனால் பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் டவுட் என்றால் நம்பிக்கைக் குறைவு. நீங்கள் சொன்னது அவர்கள் காதில் "நீங்கள் சொல்வது உண்மையா என்று யோசிக்கிறேன்" என்று விழுந்திருக்கும். "ஐ ஹேவ் எ க்வெஸ்சன்" என்றால் போதும். க்வெரி கொஞ்சம் அலுவலக வாடை; பில், கணக்கு, விண்ணப்பம் பற்றி எழுதிக் கேட்கும்போது பொருந்தும். அடுத்த நேர்முகத்துக்கு முன் நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அவசரத்தில் பழைய சொல்தான் முந்தி வரும்.