அமெரிக்க அணியின் ஆட்டத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? – வாசகர் கேள்வி-பதில்

2026 உலகக்கோப்பை நெருங்க நெருங்க, அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் கால்பந்தைப் பற்றியே இருக்கின்றன. டிக்கெட், ஜெர்சி, டிவி சந்தா என்று பல ஊர்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜூன் 12 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கும் அமெரிக்கா – பராகுவே ஆட்டத்துக்குக் குடும்பமாக நான்கு பேர் போக நினைக்கிறோம். விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இப்போதே வாங்கிவிடலாமா, காத்திருக்கலாமா? – கலிஃபோர்னியா வாசகர்

நீங்கள் உள்ளூர்க்காரர். அதனால் காத்திருங்கள் என்றே சொல்வேன்.

இந்த ஆட்டத்துக்கு, உலகக்கோப்பையை நடத்தும் ஃபிஃபா அமைப்பு முதலில் வைத்த விலையைப் பாருங்கள். மூன்றாம் பிரிவு இருக்கைக்கு 1,120 டாலர், முதல் பிரிவுக்கு 2,735 டாலர். நான்கு பேர் என்றால் மூன்றாம் பிரிவிலேயே 4,480 டாலர் ஆகிவிடும். இதே நாட்டில் 1994-ல் நடந்த உலகக்கோப்பையில் டிக்கெட் 25 டாலரில் தொடங்கியது. இறுதி ஆட்டத்தின் மிக உயர்ந்த விலையே 475 டாலர்தான். 32 வருட விலைவாசி உயர்வைக் கணக்கில் சேர்த்தாலும் அது இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்த முறை 35 லட்சத்துக்கும் அதிகமானோர் அரங்குகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். எனவே அமெரிக்க ரசிகர்கள் இந்த விலையைப் பார்த்துக் கோபப்படுவது முழுக்க நியாயம். மழையிலும் குளிரிலும் நட்பு ஆட்டங்களுக்கு வந்து, தோற்றபோதும் கூடவே நின்றவர்களைச் சொந்த ஊரில் நடக்கும் உலகக்கோப்பையிலிருந்து விலையாலேயே வெளியே தள்ளுவது தவறு.

சரி, ஏன் காத்திருக்கச் சொல்கிறேன்? இந்த முறை ஃபிஃபா கடைப்பிடிப்பது தேவைக்கேற்ப ஏறி இறங்கும் விலைமுறை. இதில் விலை ஏறுவதைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள், அது இறங்கவும் செய்யும். 2025 ஜூலையில் நியூ ஜெர்சியின் மெட்லைஃப் அரங்கில் நடந்த கிளப் உலகக்கோப்பை அரையிறுதியில் செல்சியும் ஃபுளுமினென்சேவும் ஆடின. அந்த ஆட்டத்துக்கு 473.90 டாலராக இருந்த டிக்கெட் கடைசி நேரத்தில் 13.40 டாலருக்கு வந்தது. முன்கூட்டியே வாங்கியவர்கள் வயிறெரிந்தார்கள். அமெரிக்கா ஆடுகிறது என்பதற்காகவும் அரங்கு நிறைந்துவிடாது. வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகள் மோதும் கோல்டு கப் போட்டியில், 2025-ல் சான் ஹொசேயில் டிரினிடாட் அண்ட் டொபேகோவுடன் ஆடிய முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 12 ஆயிரம் பேர்தான் வந்தார்கள். உலகக்கோப்பையின் முதல் ஆட்டம் 13 டாலருக்கெல்லாம் வராது. ஆனால் லாபம் பார்க்க நினைத்து நாலைந்து டிக்கெட்டை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஆட்டத்துக்கு முந்தைய வாரம்தான் பயம் பிடிக்கும். பேரம் உங்கள் பக்கம் சாய்வது அப்போதுதான்.

தலைக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பை இன்றே எழுதி வையுங்கள். நான்கு இருக்கையும் ஒன்றாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், இரண்டு இரண்டாகப் பிரிந்து உட்காரத் தயாராக இருந்தால் குறைந்த விலையில் கிடைக்கும் வாய்ப்பு கூடும். அப்புறம், ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் என இரண்டு பக்கமும் கட்டணம் பிடிக்கிறார்கள். ஒருவர் தன் டிக்கெட்டை 500 டாலருக்கு விற்றால் நீங்கள் கொடுப்பது 575, அவர் கைக்குப் போவது 425. நடுவில் 150 டாலர் ஃபிஃபாவுக்கு! மெக்சிகோவில் முதலில் விற்ற விலைக்கு மேல் மறுவிற்பனை கூடாது என்று வைத்துவிட்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் எந்த வரம்பும் வைக்கவில்லை.

விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டு வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் முதலில் இருக்கையை உறுதி செய்துவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: 60 டாலர் டிக்கெட் இருக்கிறதாமே, அது எங்கே கிடைக்கும்? – அதே வாசகர்

அது பொது விற்பனைக்கு உரியதல்ல. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு 2025 டிசம்பரில் ஃபிஃபா அறிவித்த சலுகை இது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடும் ஒவ்வோர் அணியின் நாட்டுக் கால்பந்துச் சங்கத்துக்கும் 8 சதவீத இருக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. அந்த ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்குதான் 60 டாலர் டிக்கெட். 70,000 பேர் உட்காரும் அரங்கு என்று வைத்துக்கொண்டால் ஓர் அணிக்கு 5,600 இருக்கை, அதில் 560 மட்டுமே இந்த விலைக்கு. யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த நாட்டுச் சங்கம் முடிவு செய்கிறது, பல வருடம் அணியைப் பின்தொடர்ந்த ரசிகர்களுக்கே முன்னுரிமை. இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேள்வி: நான் டல்லஸில் இருக்கிறேன். ஜூலை 3 அன்று இங்கே நடக்கும் நாக் அவுட் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினால் அமெரிக்காவைப் பார்க்க முடியுமா? – டெக்சாஸ் வாசகர்

அமெரிக்கா இருப்பது டி பிரிவில். அந்தப் பிரிவில் இரண்டாம் இடம் பெறும் அணிதான் ஜூலை 3 அன்று டல்லஸில் ஆடும். முதலிடம் பெற்றால் ஜூலை 1 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவுக்குப் போகும், அதில் ஜெயித்தால் அடுத்த ஆட்டம் சியாட்டிலில். மூன்றாமிடம் பிடித்துத் தப்பினால் இவை இரண்டும் இல்லாத வேறொரு ஊர். அதனால் இப்போது டல்லஸ் டிக்கெட்டை வாங்கினால், அமெரிக்கா சரியாக இரண்டாவதாக வரும் என்று நீங்கள் பணம் கட்டுவதாகத்தான் பொருள்.

எந்த இரண்டு அணி வந்தாலும் உலகக்கோப்பை ஆட்டம் ஒன்றைப் பார்த்தால் போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள். அமெரிக்காதான் வேண்டும் என்றால், ஜூன் 25 அன்று டி பிரிவின் ஆட்டங்கள் முடிந்த பிறகு தேடுங்கள். தன் அணி வராது என்று தெரிந்ததும் விற்பவர்கள் நிறைய இருப்பார்கள். உங்களைப் போல அமெரிக்காவுக்காக வாங்க வருபவர்களும் இருப்பார்கள் என்பதால் விலை கட்டாயம் குறையும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன வாங்குகிறீர்கள் என்பது அப்போது தெரிந்திருக்கும்.

உங்கள் அணி இறுதிக்கு வந்தால் டிக்கெட் வாங்கும் உரிமை உங்களுக்கு என்று சொல்லி விற்கப்படும் டிஜிட்டல் டோக்கன்களிலும் கவனமாக இருங்கள். அதில் வாங்குவது உரிமையை மட்டும்தான், டிக்கெட்டின் விலையைத் தனியாகக் கட்ட வேண்டும். அணி வராவிட்டால் அந்த உரிமைக்கும் பயன் இல்லை. அமெரிக்க ஆண்கள் அணி 2002-ல் காலிறுதிக்குப் போனது. அதன் பிறகு 2010, 2014, 2022 என மூன்று முறையும் கடைசி 16-ல் நின்றுவிட்டது. 2018-க்குத் தகுதி பெறவே இல்லை. 2017 அக்டோபர் 10 அன்று டிரினிடாடில் 2-1 என்று தோற்ற அந்த இரவை அமெரிக்க ரசிகர் யாரும் மறக்கவில்லை. அணிமேல் நம்பிக்கை வையுங்கள், எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த நம்பிக்கைக்காக முன்பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஒரு ஃபேஸ்புக் குழுவில் ஒருவர் சியாட்டில் ஆட்டத்துக்கு (அமெரிக்கா – ஆஸ்திரேலியா, ஜூன் 19) இரண்டு டிக்கெட் தருவதாகச் சொல்கிறார். ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் அனுப்பச் சொல்கிறார், டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டும் காட்டினார். நம்பலாமா? – வாஷிங்டன் மாநில வாசகி

வேண்டாம். இந்த உலகக்கோப்பையில் டிக்கெட் எல்லாம் மொபைல் டிக்கெட்தான், ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஒரே படத்தை இருபது பேருக்கு அனுப்பலாம். அதைவிட முக்கியம், ஸெல்லில் நீங்களே அனுப்பிய பணம் போனால் போனதுதான். அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

எங்கே வாங்கினாலும் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். சொன்ன பொருள் வந்து சேராவிட்டால் அந்தத் தொகையை மறுக்கும் உரிமையை அமெரிக்காவின் 1974-ம் வருடச் சட்டம் உங்களுக்குக் கொடுக்கிறது. பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். ஆட்டம் பல மாதம் கழித்து என்றால் அந்த 60 நாள் முன்பே ஓடிவிடும். பல கார்டு நிறுவனங்கள் ஆட்ட நாளிலிருந்து கணக்கிட்டு ஏற்றுக்கொள்கின்றன, என்றாலும் உங்கள் வங்கி எப்படிக் கணக்கிடுகிறது என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனைத் தளங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிசை எண், இருக்கை எண் எதுவும் இல்லாமல் பகுதியை மட்டும் சொல்லி விற்கிறார்கள் என்றால், விற்பவர் கையில் டிக்கெட்டே இல்லாமல் இருக்கலாம். விலை இறங்கும்போது வாங்கி உங்களுக்குத் தரலாம் என்ற கணக்கு அது. இறங்காவிட்டால் கடைசி நாளில் ரத்து செய்துவிடுவார்கள். விலையைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. மறுவிற்பனையாளர்களுக்கும் இது பொருந்தும். கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஒரு 'சேவைக் கட்டணம்' முளைத்தால் அந்தத் தளத்தை விட்டு வெளியே வாருங்கள், மத்திய வர்த்தக ஆணையத்துக்குப் புகாரும் அனுப்புங்கள்.

செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் போகலாம். 2024 ஜூலை 14 அன்று மயாமியில் தென் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியான கோபா அமெரிக்காவின் இறுதி ஆட்டத்தில் டிக்கெட் இல்லாத கூட்டம் முண்டியடித்ததால் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. முறையாக வாங்கியவர்கள் பலர் வாசலிலேயே நின்றார்கள். பெரிய ஆட்டங்களுக்கு மிகச் சீக்கிரமே போய்விடுங்கள். வாசலில் நிறுத்தப்பட்டால் நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள், பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அதுதான் சாட்சி.

கேள்வி: ஜெர்சியில் இரண்டு விலை ஏன்? விலை அதிகமானதுதான் நல்லதா? – நியூ ஜெர்சி வாசகர்

விலை கூடியது ஆட்டக்காரர்கள் அணிவது போன்றது. துணி மெல்லியது, உடம்போடு ஒட்டும், சின்னம் சூடேற்றி ஒட்டப்பட்டிருக்கும். துவைக்கத் துவைக்க முதலில் பாழாவது அதுதான். ரசிகர்களுக்கான சாதாரண ஜெர்சி கொஞ்சம் தளர்வானது, நீடித்து உழைக்கும். பார்வையாளர் இருக்கையில் உட்காருபவருக்கு இதுவே போதும். இதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுத்து மற்றதை வாங்கத் தேவையில்லை. ஒல்லியான பெரியவர்கள் சிறுவர்களுக்கான பெரிய அளவைப் போட்டுப் பாருங்கள், கணிசமாக மிச்சமாகும்.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சின்னத்தின் மேலுள்ள நட்சத்திரங்கள். 1991, 1999, 2015, 2019 என நான்கு முறை உலகக்கோப்பை வென்றது பெண்கள் அணி. அவர்கள் ஜெர்சியில் நான்கு நட்சத்திரம் இருக்கும், ஆண்கள் ஜெர்சியில் ஒன்றும் கிடையாது. ஆண்கள் பெயர் போட்டு நான்கு நட்சத்திரத்தோடு இருபது டாலருக்கு ஒரு ஜெர்சி வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளலாம். பெயர் அச்சடித்த ஜெர்சியைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. அந்த ஆட்டக்காரர் அணியில் இடம்பெறுகிறாரா என்று இறுதிப் பட்டியல் வந்த பிறகு அச்சடியுங்கள்.

கேள்வி: எல்லா ஆட்டத்தையும் வீட்டில் பார்க்க எந்தச் சந்தா எடுக்க வேண்டும்? – இல்லினாய் வாசகர்

அமெரிக்காவின் ஆட்டங்கள் மட்டும் போதும் என்றால் எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில் ஃபாக்ஸ், ஸ்பானிஷில் டெலிமுண்டோ, இரண்டுமே ஆன்டெனாவில் இலவசமாக வருபவை. வீட்டுக்குள் வைக்கும் சிறிய ஆன்டெனா ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும். ஆங்கில ஒளிபரப்பில் சில ஆட்டங்கள் எஃப்எஸ்1 கேபிள் சேனலுக்குப் போகும். அவையும் வேண்டும் என்றால் ஃபாக்ஸின் ஸ்ட்ரீமிங் சேவையை மாதக் கட்டணத்தில் எடுங்கள். போட்டி 39 நாள் நடப்பதால் இரண்டு மாதம் கட்ட வேண்டி வரும். வருடச் சந்தா எடுக்கச் சொல்லும் விளம்பரத்தில் மயங்காதீர்கள். உலகக்கோப்பை முடிந்ததும் இந்த அணியின் ஆட்டங்கள் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறிவிடும். நட்பு ஆட்டங்கள் டிஎன்டி சேனல் பக்கம், மற்ற போட்டிகள் வேறு பக்கம்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, கால்பந்து ஆடுகிறாள். ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் என்னால் செலவு செய்ய முடியும். எதற்கு அழைத்துப் போகலாம்? – வட கரோலினா வாசகி

அமெரிக்கப் பெண்கள் அணியின் நட்பு ஆட்டம் ஒன்றுக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேசிலை 1-0 என்று வென்று தங்கம் எடுத்த அணி அது. உலகின் மிகச் சிறந்த ஆட்டத்தை, ஆண்கள் உலகக்கோப்பை டிக்கெட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த செலவில் பார்க்கலாம். ஆண்கள் அணிக்கு இணையான ஊதியத்துக்காக வருடக்கணக்கில் போராடி, 2022-ல் வென்றதும் இதே அணிதான். உங்கள் மகளுக்கு அந்தக் கதையையும் சொல்லுங்கள்.

டிரம் அடித்துக்கொண்டு 90 நிமிடமும் நின்றே பார்க்கும் 'அமெரிக்கன் அவுட்லாஸ்' ரசிகர் பகுதியில் டிக்கெட் எடுக்காதீர்கள். உற்சாகமான இடம்தான், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். ஓரக்கோட்டுப் பக்கம், நடுக்கோட்டுக்கு அருகில், கொஞ்சம் உயரத்தில் எடுங்கள். அங்கிருந்தால் யார் எங்கே ஓடுகிறார்கள், இடைவெளி எப்படித் திறக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பெரிய அரங்கில் நடந்தால் உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் பைதான் அனுமதி, 12 அங்குல நீளம், 12 அங்குல உயரம், 6 அங்குல அகலத்துக்குள். அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் இணையதளத்தில் உறுப்பினராகப் பதிந்துவிட்டால் பொது விற்பனைக்கு முன்பே வாங்கும் வாய்ப்பு வரும்.