மெசியர் 7: உருப்பெருக்கத்தைக் குறைத்துப் பாருங்கள்

வணக்கம். 700 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் 10 மி.மீ. கண்ணருகு வில்லையை இட்டுப் பார்த்தபோது, விருச்சிக விண்மீன் குழுவில் தேளின் கொடுக்கருகே உள்ள மெசியர் 7 என்னும் விண்மீன் கொத்துக்குப் பதிலாகச் சிதறிய சில விண்மீன்களே தெரிந்தன என்று எழுதியிருந்தீர்கள். கருவியில் பழுதில்லை, நீங்கள் கொத்தின் ஒரு பகுதியை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். அதன் அகலம் ஏறத்தாழ 1.3 பாகை, அதாவது முழுநிலவைப் போல் இரண்டரை மடங்கு. அந்த வில்லை தரும் 70 மடங்கு (700 ÷ 10) உருப்பெருக்கத்தில் உங்களுக்குக் கிடைப்பதோ சுமார் 0.7 பாகைப் பரப்புதான்.

25 மி.மீ. வில்லைக்கு மாறினால், 28 மடங்கில் கொத்து முழுவதும் சுற்றிலும் சிறிது இருளோடு அடங்கும். அந்த இருள் சூழ்ந்திருந்தால்தான் அது கொத்தாகவே கண்ணுக்குப் புலப்படும். பண்டைய வானியலாளர் தாலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வெறுங்கண்ணாலேயே கண்டு குறித்தது இது என்பதால், நிலவில்லாத ஜூலை இரவில், பத்து மணியளவில், தெற்கு நோக்கிப் பிடித்த பைனாகுலரே போதும்; எனக்கு மிகவும் பிடித்ததும் அந்தக் காட்சிதான்.