ஃபீனிக்ஸ் டவுன் கையில் இருந்தும் ஏரித்தை ஏன் எழுப்ப முடியவில்லை? இது கதையின் ஓட்டைதானே?

இல்லை, ஓட்டை அன்று. ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ என்ற வீடியோ விளையாட்டில் வில்லன் செஃபிரோத் நம் அணியின் தோழி ஏரித்தைக் கொல்லும் காட்சியை நீங்கள் இப்போதுதான் கடந்திருப்பீர்கள்; விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் இறகுகள் பையில் மிச்சமிருப்பதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அதே ஆற்றாமை எனக்கும் இருந்தது.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ‘டவுன்’ என்றால் கீழே என்று பொருளன்று. பறவையின் உடலை ஒட்டி வளரும் மெல்லிய சிற்றிறகு அது. அதற்குத் தமிழில் ‘தூவி’ என்ற அழகான சொல் இருக்கிறது, அன்னத்தின் தூவி நிரப்பிய படுக்கையைப் பழைய இலக்கியங்களில் காணலாம். ஜப்பானிய மூலத்தில் ‘ஃபீனிக்ஸின் வால்’ என்பார்கள். 1988-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் அறிமுகமாகி, பாகம் பாகமாகத் தொடர்ந்து வரும் இந்தப் பொருள், சண்டையில் உயிர்ப்புள்ளி பூச்சியமாகிச் சாய்ந்தவரை எழுப்புகிறது. அப்படிச் சாய்ந்த நிலைக்கு ஜப்பானியத்தில் நிலைத்துவிட்ட பெயர் ‘போரிட இயலாமை’ என்பதுதான். சாய்ந்தவர் வேறு, இறந்தவர் வேறு. 1992-இல் வந்த ஐந்தாம் பாகம் இதைக் கண்முன்னே காட்டியது: உயிர்ப்புள்ளி தீர்ந்த பின்னும் நின்று போரிட்ட முதியவர் காலுஃப் விழுந்ததும், தோழர்கள் மந்திரங்களையும் இதே இறகையும் அவர்மீது பயன்படுத்திப் பார்க்கிறார்கள், எதுவும் பலிக்கவில்லை.

இந்த வேறுபாட்டை நான் விளையாட்டிலிருந்து அறியவில்லை. நான் கீழக்கரைக்காரன். என் மாமா சங்கு குளிக்கப் போகிறவர். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஆறு பாக (பாகம் என்பது ஏறக்குறைய ஆறடி) ஆழத்திலிருந்து மேலே வந்தவர், தலை நீருக்கு வெளியே தெரிந்த மாத்திரத்தில் நினைவிழந்து மீண்டும் அமிழத் தொடங்கினார். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடும் பழக்கம் அவருக்கு உண்டு. அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வே தாமதமாகத்தான் வரும். அதற்குள் உயிர்வளி தீர்ந்து மயக்கம் வந்துவிடும். வள்ளத்தில் இருந்த மூத்த குளியாளி அவரை இழுத்துப் போட்டு, வாயோடு வாய் வைத்து ஊதி, கரை சேருமுன்பே கண்திறக்க வைத்துவிட்டார். அப்படியும் கரையில் கூடியவர்கள் விழித்துக்கொண்ட மனிதரைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கினார்கள். இன்றும் நம் கரைகளில் இது நடக்கிறது, இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மூச்சில்லாதவருக்கு வேண்டியது மூச்சும் நெஞ்சழுத்தமும். அதுவும் உடனே வேண்டும், ஏனென்றால் உயிர்வளி கிடைக்காத மூளை நான்கைந்து நிமிடங்களிலேயே சேதமடையத் தொடங்குகிறது.

விளையாட்டையும் வாழ்க்கையையும் குழப்பிக்கொள்கிறேன் என்று சிலர் எழுதக்கூடும். குழப்பவில்லை. ஆனால் மாமா எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த சிறுவன், விழுந்தவர் யாரையும் எழுப்பிவிடலாம் என்று நம்பியதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு சாச்சா துபாயிலிருந்து பழைய பிளேஸ்டேஷனையும் இந்த விளையாட்டின் மூன்று வட்டுகளையும் கொண்டுவந்தார். ஏரித் இறந்துவிடுவாள் என்றும், கையில் 99 இறகுகள் இருந்தால் பிழைப்பாள் என்றும் தெருப்பையன் ஒருவன் சொன்னான். அவளை எழுப்ப வழியுண்டு என்ற வதந்தி அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்ததைப் பிற்பாடுதான் அறிந்தேன். இறகு ஒன்று 300 கில்; கில் என்பது அந்த விளையாட்டின் நாணயம். வாரக்கணக்கில் அரக்கர்களோடு சண்டையிட்டுக் காசு சேர்த்து 99-ஐயும் நிரப்பினேன். காட்சி வந்தது. வாள் இறங்கியது. பொருள்களின் பட்டியல் திறக்கவே இல்லை. பொத்தானை அழுத்தி அழுத்திப் பெருவிரல் வலித்தது. அறைக்கு வந்த உம்மா நான் அழுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

கதாசிரியர்கள் வசதிக்காக விதியை மறந்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள், அதற்கடுத்த சில நிமிடங்களை மறுபடி விளையாடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏரித் விழுந்த கையோடு ஜெனோவா என்னும் அரக்கியுடன் சண்டை தொடங்குகிறது. அங்கே வழக்கமான போர் இசை ஒலிப்பதில்லை. காட்சியில் கேட்ட ஏரித்தின் இசையே சண்டை முடியும்வரை தொடர்கிறது. ஜெனோவா நீரால் தாக்கியதில் என் அணியிலிருந்த டிஃபா சாய்ந்தாள். பட்டியலைத் திறந்தேன், இம்முறை திறந்தது. 99-இல் ஒன்றைக் கொடுத்தேன். டிஃபா எழுந்து நின்றாள். அந்த இசை மட்டும் நிற்கவில்லை.