ஆறிய கண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் எம்.ஏ. படிக்கிறாள். மூன்று மாதமாகக் கழுத்துச் சங்கிலியில் ஒரு வெள்ளி டாலர் போட்டிருக்கிறாள். ஒரு கண், அதன் கீழே ஒரு கோடு, ஒரு சுழி. கேட்டால் "ஹோரஸ் கண்ணும்மா, எகிப்து" என்கிறாள். போன வருஷம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து, கால் முறிந்து, ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தவள். நடக்க ஆரம்பித்த பிறகு ஆன்லைனில் வரவழைத்துப் போட்டுக்கொண்டாள். என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு இது இலுமினாட்டி அடையாளம் என்கிறார். அவர் மகன், மம்மிக்குள் பிணத்தின் மேல் வைப்பது என்று போனில் படமே காட்டினான். அன்றிலிருந்து எனக்கு உறுத்தலாக இருக்கிறது. கழற்றச் சொல்லட்டுமா?

ச., நாகர்கோவில்

அன்புள்ள ச.,

சொல்லாதீர்கள். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலுமினாட்டி பேச்சை முதலில் முடித்துவிடலாம். அது 1776இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய ரகசியச் சங்கம். பத்தாண்டுக்குள் அரசாங்கம் தடைபோட்டு ஒழித்துவிட்டது. அமெரிக்க ஒரு டாலர் நோட்டில் பிரமிடின் உச்சியில் இருக்கும் கண்ணைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்புகிறது. முக்கோணத்துக்குள் இருக்கும் அந்தக் கண், கடவுளின் பார்வையைக் காட்ட ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவியர்கள் வரைந்துவந்தது. அதன் கீழே கோடும் கிடையாது, சுழியும் கிடையாது. உங்கள் மகளின் டாலரையும் அந்த நோட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.

நாத்தனார் மகன் காட்டிய படம் பொய்யல்ல. எகிப்தின் தானிஸ் நகரில் 1940இல் பியர் மோந்தே என்ற பிரெஞ்சு அகழாய்வாளர் முதலாம் சூசென்னஸ் என்ற அரசனின் கல்லறையைத் திறந்தார். மூவாயிரம் ஆண்டுகளாகக் கொள்ளையர் கை படாத கல்லறை. அதில் கிடைத்த பொன் தகடு ஒன்றின் நடுவில் இதே கண் பொறிக்கப்பட்டிருக்கிறது. உடலைப் பதப்படுத்தும்போது இடது விலாவுக்குக் கீழே கீறித்தான் குடல், ஈரல் எல்லாவற்றையும் வெளியே எடுப்பார்கள். அந்தக் கீறலை மூடுவதற்கான தகடு அது. அறுத்த இடத்தின் மேல் எதற்காகக் கண்ணை வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் உங்கள் உறுத்தல் போய்விடும் என்று நினைக்கிறேன்.

பதில் அதன் பெயரிலேயே இருக்கிறது. எகிப்தியர் இதை 'வெஜத்' என்றார்கள். பழுதில்லாதது, நலமாக இருப்பது, முழுமையானது என்று பொருள். ஹோரஸ் வல்லூறு முகம் கொண்ட தெய்வம். தந்தை ஒசிரிஸைக் கொன்ற சேத்துடன் அரசுரிமைக்காகப் போராடியபோது கண்ணை இழந்தான். அது எப்படித் திரும்பி வந்தது என்பதற்குப் பல கதைகள். தோத் என்ற தெய்வம் சரிசெய்து கொடுத்ததாக ஒன்று. நிலவு தேய்ந்து வளர்வதை அந்தக் கண் பறிபோய்த் திரும்ப நிறைவதாகவும் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்த கதை வேறு. கி.மு. 12ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் ஒன்றில் இருக்கிறது. இப்போது அந்தச் சுருள் டப்ளினில் இருக்கிறது. அதில் சேத் இரண்டு கண்களையும் பிடுங்கி மலையில் புதைத்துவிடுகிறான். ஹோரஸ் பாலைவனத்தில் அழுதுகொண்டு கிடக்கிறான். ஹாத்தோர் தேவி தேடி வருகிறாள். ஒரு மானைப் பிடித்துப் பால் கறக்கிறாள். "கண்ணைத் திற, பாலை விடுகிறேன்" என்கிறாள். வலக்கண்ணில் விடுகிறாள், இடக்கண்ணில் விடுகிறாள். பிறகு திறக்கச் சொல்லி, குனிந்து பார்க்கிறாள், ஆறியிருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். பிரபஞ்ச ஆட்சிக்கான போராட்டத்தின் நடுவே, ஒரு பெண் கண்ணுக்குள் பால் விட்டு வைத்தியம் பார்க்கிறாள்.

ஆகவே ஹோரஸின் கண் என்பது காயம்பட்டு ஆறிய கண். அறுத்த இடத்தில் அதை வைத்தது அந்தக் காயமும் மூடவேண்டும் என்றுதான். சாவின் அடையாளமாக அவர்கள் அதை வைக்கவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, கடைக்காரர்கள் யாரும் சொல்லாதது. மீட்ட கண்ணை ஹோரஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் இறந்த தந்தைக்குக் கொடுத்தான், அதில் தந்தை உயிர்பெற்றார் என்பது அவர்கள் நம்பிக்கை. சக்காராவில் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள், கி.மு. 2350 வாக்கில், சுவரெங்கும் மந்திரங்களைப் பொறித்திருக்கிறார்கள். படையல் மந்திரங்களில் ரொட்டியை வைக்கும்போதும், பீரை ஊற்றும்போதும், எண்ணெய் தடவும்போதும் திரும்பத் திரும்ப "ஹோரஸின் கண்ணை எடுத்துக்கொள்" என்றே வருகிறது. மகன் தகப்பனுக்குக் கொடுக்கும் எதுவும் அந்தக் கண்தான்.

இறந்தவர்களுக்கு மட்டுமானதா என்றால், அதுவும் இல்லை. குவார்ட்ஸ் பொடியைச் சுட்டு மெருகேற்றி, ஃபையான்ஸ் என்னும் நீலப்பச்சைப் பொருளில் இந்தத் தாயத்துகளை ஏராளமாகச் செய்தார்கள். களிமண் அச்சில் அழுத்திச் செய்வது என்பதால் பொன் வாங்க வழியில்லாதவரும் அணிய முடிந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் விரல் நகத்தளவு வெஜத் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். புருவம், கண், கன்னத்தில் நேராக இறங்கும் ஒரு தீற்று, பின்பக்கமாக வளைந்து சுருளும் கோடு. மனிதக் கண்ணும் வல்லூறின் கன்னத்துக் கருங்கோடும் ஒன்றாகச் சேர்ந்தது அது. குறுக்கே கயிறு கோக்க ஒரு துளை. துளையின் ஓரத்தில் மெருகு போயிருந்தது.

காப்பு என்றுதான் அணிந்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் நம் ஊர்க் கடைகளில் இதைத் திருஷ்டி டாலர் என்று, துருக்கியிலிருந்து வரும் நீலக் கண்ணாடிக் கண்ணோடு சேர்த்து விற்கிறார்கள். அது முறைப்பவரைத் திருப்பி முறைக்கும் கண். இது அப்படியல்ல. என் வாசிப்பில் இது காப்பாவதே ஒருமுறை உடைந்து மீண்டும் முழுதானதால்தான். மருத்துவர் சீட்டில் எழுதும் 'ஆர்எக்ஸ்' இதிலிருந்து வந்தது என்பதும் சரியல்ல, அது 'எடுத்துக்கொள்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம். மூளையின் குறுக்குவெட்டு இதே வடிவம் என்று வரும் படங்களை அப்படியே அழித்துவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெள்ளி டாலரில் தப்பில்லை. ஆனால் 'மூவாயிரம் வருடப் பழைய அசல்' என்று யாராவது இணையத்தில் விற்றால் மகளை வாங்கவிடாதீர்கள். தொல்பொருள் வாணிபத்தை எகிப்து 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. வருவது பெரும்பாலும் போலி. அசலாக இருந்துவிட்டால் இன்னும் மோசம், அது யாரோ ஒருவருடைய கல்லறையிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஐந்து மாதம் படுக்கை, நடக்க ஆரம்பித்த பிறகு இந்த டாலர். தெரிந்து வாங்கினாளா, அழகாக இருக்கிறதென்று வாங்கினாளா, எனக்குத் தெரியாது. அவளிடமே கேளுங்கள். கழற்று என்று ஆரம்பிக்காமல், ஹாத்தோர் பால் விட்ட கதையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அந்த ஐந்து மாதமும் அவள் பக்கத்தில் இருந்தது நீங்கள்தானே.

எகிப்தியர் கடிதங்களில் பெறுபவருக்காக 'அன்க், வெஜா, செனெப்' என்று எழுதுவார்கள். உயிரோடும் நலத்தோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டும் என்ற வாழ்த்து. நடுவில் இருக்கும் வெஜாதான் அந்தக் கண்ணின் பெயருக்கும் வேர். உங்கள் மகளுக்கு இந்த மூன்றையும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.