தோ பாயோவா, கொண்டோவா? புதிதாக வந்த தங்கச்சிக்கு

சிங்கப்பூர் வந்து ஐந்து மாதம் ஆகிறது, மூன்று வயது மகளோடு பதினாலாவது மாடியில் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறேன், அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கணவரின் நண்பர்கள் நீச்சல் குளம் இருக்கிற கொண்டோவுக்கு, அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகச் சொல்கிறார்கள். ஏஜென்ட் தோ பாயோ என்ற பழைய குடியிருப்பு வட்டாரத்தில் ஒரு பழைய வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டைக் காட்டுகிறார். அங்கே போனால் கூட்டத்தில் மூச்சு முட்டுமோ என்று உங்களுக்குப் பயம். “இவ்வளவு நெரிசலான ஊரில் எல்லாரும் எப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள்?” என்றும் கேட்டிருந்தீர்கள்.

நான் 2006-இல் வந்தவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோ பாயோவுக்குப் போங்கள். ஆனால் ஏன், எதையெல்லாம் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள் தங்கச்சி.

எனக்கும் முதல் வீடு கொண்டோதான். பெயர் வேண்டாம். குளம், ஜிம், இறைச்சி சுடுகிற மேடை எல்லாம் இருந்தது. எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்கு ஒரு ஷட்டில் பேருந்து, காலையில் இரண்டு முறை, சாயங்காலம் இரண்டு முறை. எட்டு மாதம் அங்கே இருந்தேன். எனக்குப் பெயர் தெரிந்த ஒரே ஆள் வாசல் காவலர். சனி ஞாயிறு தவிரக் குளத்தில் ஆள் கிடையாது. லிஃப்ட்டை விட்டு இறங்கினால் கார் நிறுத்துமிடம், அதைத் தாண்டினால் கேட், கேட்டைத் தாண்டினால் பெரிய சாலை. ஒரு பாக்கெட் பால் வாங்கப் பையனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருபது நிமிடம் நடக்க வேண்டும். மழை வந்தால் அதுவும் இல்லை. கூட்டமே இல்லாத இடம்தான். எனக்கு மூச்சு முட்டியது அங்கேதான்.

பிறகு அங் மோ கியோவில் ஒரு பழைய வீவக புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) நாலாவது மாடிக்கு மாறினோம். வீடு சின்னது, தரை ஓடு பார்க்கவே சகிக்காது. ஆனால் வாசலுக்கு முன்னால் நீளத் தாழ்வாரம். பகலில் பாதி வீடுகளில் கதவு திறந்திருக்கும், கம்பிக் கதவை மட்டும் பூட்டியிருப்பார்கள். லிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் நம் வாசலைக் கடந்துதான் போயாக வேண்டும். மூன்றாவது வீட்டுச் சீன அண்ட்டிக்கு ஆங்கிலம் வராது, எனக்கு மாண்டரின் வராது. அவர் தொட்டியில் வளர்த்த பாண்டான் இலையும் என் கறிவேப்பிலையும்தான் எங்களுக்குப் பேச்சு. என் மகன் அழுதால் எட்டிப் பார்ப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த எட்டிப் பார்த்தலுக்கு என்ன மதிப்பு என்று இப்போது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தாழ்வாரம் அதிர்ஷ்டவசமாக அப்படி அமைந்தது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. இந்த நாடு ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 60 லட்சம் பேர். வீவக 1960-இல் தொடங்கியது. இன்று இங்கே வசிக்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் பத்தில் எட்டுப் பேர் அது கட்டிய வீடுகளில்தான் இருக்கிறார்கள். இத்தனை பேரை அடுக்கி வைத்தால் பைத்தியம் பிடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கத்தானே வேண்டும்? அப்படி யோசித்தவர்களில் ஒருவர் லியூ தாய் கெர் என்ற கட்டடக் கலைஞர். 1969-இல் வீவகவில் சேர்ந்து, 1979 முதல் 1989 வரை அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர். உயரமான புளோக்குகளை வரிசையாக நிறுத்தாமல், நடுநடுவே பள்ளிக்கூடம், பூங்கா, தாழ்வான கட்டடம் என்று சதுரங்கப் பலகைக் கட்டங்கள் போல மாற்றி மாற்றி வைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் இன்னொருவர் ஜன்னலைப் பார்க்காமல் கொஞ்சம் வானத்தைப் பார்க்கலாம். கூட்டம் குறைவதில்லை, கண்ணில் படுவது குறைகிறது. அதுவே பாதி நிம்மதி.

அப்புறம் கீழ்த்தளம். வாய்ட் டெக் என்பார்கள். புளோக்குக்கு அடியில் வீடு கட்டாமல் தூண்களை மட்டும் நிறுத்திக் காலியாக விட்ட இடம். 1970-களிலிருந்து இதுதான் வழக்கம். வந்த புதிதில், நிலம் இவ்வளவு விலை விற்கிற ஊரில் ஒரு மாடியையே ஏன் வீணாக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை கீழே மலாய்க் கல்யாணம், கொம்பாங் மேளச் சத்தம். அடுத்த மாதம் அதே இடத்தில் சீனர் வீட்டுத் துக்கம், மூன்று நாள் இரவும் மந்திரம், மேசைகளில் வேர்க்கடலையும் பானமும். குடியிருப்பைப் பராமரிக்கிற நகர மன்றத்தில் அனுமதி வாங்கி நடத்துவார்கள். முதல் தடவை சவப்பெட்டியைத் தாண்டி லிஃப்ட்டுக்குப் போகும்போது நான் பயந்துபோனேன். நீங்களும் பயப்படுவீர்கள், சொல்லி வைக்கிறேன். மற்ற நாட்களில் அங்கே காற்று வரும், நிழல் இருக்கும், கல் மேசையில் தாத்தாக்கள் சீனச் சதுரங்கம் ஆடுவார்கள். குழந்தையோடு போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தால் யாரும் எதுவும் வாங்கச் சொல்ல மாட்டார்கள். காசு கொடுக்காமல் உட்கார ஒரு நிழல், வீட்டிலிருந்து ஒரு லிஃப்ட் தூரத்தில். பகல் முழுக்கத் தனியாக இருக்கிறவளுக்கு நீச்சல் குளத்தைவிட இது பெரிது.

புது நகரங்களும் மோசமில்லை. பொங்கோலில் நீர்வழியை ஒட்டி நடந்தால் மனம் லேசாகிவிடும். ஆனால் என் கணக்கு வேறு. செங்காங், பொங்கோல் பக்கம் பெரும்பாலும் இளம் குடும்பங்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவார்கள், குழந்தை காப்பகத்தில். வார நாளில் காலை பத்து மணிக்குக் கீழே இறங்கினால் ஈ காக்கை இருக்காது. தோ பாயோ, அங் மோ கியோ மாதிரிப் பழைய இடங்களில் தாத்தா பாட்டிகள் அதிகம். அவர்கள் பகலில் வெளியே இருக்கிறவர்கள். உங்களுக்கு ஆள் வேண்டியது பகலில்தானே?

தோ பாயோ லோரோங் 6-இல் ஒரு டிராகன் விளையாட்டுத் திடல் இருக்கிறது. 1979-இல் கட்டியது. சின்ன ஓடுகள் பதித்த உடம்பு, கீழே இன்னமும் மணல். புதுத் திடல்களில் எல்லாம் ரப்பர் தரைதான். என் மகன் வாரம் ஒரு தடவையாவது அங்கே போக அடம்பிடிப்பான். மகளைக் கூட்டிப்போங்கள், அங்கே உட்கார்ந்திருக்கிற பாட்டிகளிடம் பேரக்குழந்தைக்கு என்ன வயது என்று கேளுங்கள். அடுத்த அரை மணி நேரம் அவர்களே பேசுவார்கள்.

சரி, வீடு பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை. வீட்டுக்குள் பத்து நிமிடம் போதும், வெளியே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். லிஃப்ட்டிலிருந்து எம்ஆர்டி வரைக்கும் நடந்து பாருங்கள். 2013-இலிருந்து எம்ஆர்டி நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குக் கூரை போட்ட நடைபாதை கட்டியிருக்கிறார்கள், அதனால் நிலையத்துக்குக் கிட்ட இருந்தால் அடைமழையிலும் குடை இல்லாமல் போய் வரலாம். அந்தக் கூரை உங்கள் புளோக் வரை வருகிறதா, நடுவில் விட்டுப்போகிறதா என்று பாருங்கள். லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் புளோக்குகளில் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். 2001-இலிருந்து மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள், ஆனாலும் சிலவற்றில் மாற்ற முடியாமல் போயிருக்கிறது. தள்ளுவண்டியை அரை மாடி தூக்கிக்கொண்டு ஏறுவது உங்களால் ஆகாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. மேற்கு பார்த்த அறை மதியத்துக்கு மேல் அடுப்பு மாதிரி இருக்கும். 1980-களின் கடைசிக்கு முன்னால் கட்டிய வீடு என்றால் குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். வசதிதான், ஆனால் கரப்பான் ஏறி வரும், மூடியை இறுக்கமாக வையுங்கள். கீழேயே காப்பிக் கடை இருந்தால் ராத்திரி பதினொரு மணி வரை நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். ரயில் மேம்பாலத்தில் ஓடுகிற பக்கம் வேண்டாம். தாழ்வாரத்தில் செருப்பு அலமாரி, பூந்தொட்டி வைக்கலாம், ஆனால் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீ விபத்துக்கான விதி. கதவு திறந்திருந்தால் அக்கம்பக்கத்தார் பார்வை உள்ளே வரும். அது உங்களுக்குப் பிடிக்காது என்றால் நான் சொன்ன எல்லாமே உங்களுக்குத் தொல்லையாகத்தான் படும். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், தப்பில்லை. ஒரு மாடிக்கு நாலே வீடு இருக்கிற கோபுர புளோக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை விதி ஒன்றும் உண்டு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டை வாடகைக்கு விட உச்ச வரம்பு இருக்கிறது: அக்கம்பக்க வட்டாரத்து வீடுகளில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கின் வீடுகளில் 11 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் நினைத்தாலும் தர முடியாது. அதனால் ஏஜென்ட்டிடம் முதலில் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், வீட்டை ஆசைப்பட்ட பிறகு வேண்டாம். வீடு வாங்குகிறவர்களுக்கு 1989-இலிருந்து இன ஒதுக்கீடு தனியாக உண்டு. அதனால்தான் எந்தப் புளோக்கும் ஒரே இனமாகிவிடுவதில்லை, உங்கள் மாடியில் தமிழ் பேசுகிறவர் இல்லாமலும் போகலாம். “இந்தியர்களுக்கு இல்லை”, “நிறையச் சமைப்பீர்களா?” என்று கேட்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அது விதி இல்லை, அவர்கள் குணம். மனதில் ஏற்றிக்கொள்ளாமல் அடுத்த வீட்டைப் பாருங்கள். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விட முடியாது என்பதால், பிடிக்காவிட்டாலும் ஆறு மாதம் இருந்தாக வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வீடாக இருந்தாலும் பச்சை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று பார்ப்பேன். எங்களுக்குப் பீஷான் - அங் மோ கியோ பூங்கா வாய்த்தது. நாங்கள் வந்தபோது அங்கே காலாங் ஆறு கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது, வேலி போட்டிருப்பார்கள். 2012-இல் கான்கிரீட்டை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடுகிற ஆறாகவே மாற்றிவிட்டார்கள். இப்போது நீர்நாய்கள் குடும்பத்தோடு வருகின்றன. தோ பாயோவிலிருந்து பீஷான் எம்ஆர்டியில் இரண்டாவது நிறுத்தம், அங்கிருந்து நடந்துவிடலாம்.

இந்தச் செவ்வாயோ புதனோ, ஏஜென்ட் இல்லாமல் நீங்களும் மகளும் மட்டும் காலை பத்து மணிக்கு அந்தப் புளோக்குக்குக் கீழே போய் உட்காருங்கள். அரை மணி நேரத்தில் மகளைப் பார்த்து எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். புளோக் எண்ணையும் சொன்னால், எந்தப் பக்க வெயில் விழும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.